டோர் பேட் வரவில்லை என்றால் இன்னும் ஏதோ பிடித்திருக்கிறது

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். கார் ஐம்பது வயதை நெருங்கிவிட்டது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் சிக்கி நிற்கிறது. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க, கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றப் போனீர்கள். கீழ் மூலையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதும் கிளிப் கதவிலேயே நின்றுவிட்டது, அட்டை மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மாற்று பேட் கிடைப்பதில்லை. மீதியை உடைக்காமல் எடுப்பது எப்படி, பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), டேஷ்போர்டு பக்கமெல்லாம் கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிய்ந்த மூலையைச் சரிசெய்துவிடலாம், அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.

அந்தக் காலத்து டோர் பேடின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அழுத்திய நார் அட்டை, அல்லது ஹார்ட்போர்டு. அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதற்கும் மேல் ரெக்ஸின். அட்டையின் ஓரத்தில் சாவித் துவாரம் மாதிரி, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் துளைகள் இருக்கும். ஸ்பிரிங் கிளிப்பின் தலை அகலமான பக்கம் நுழைந்து குறுகலான பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். கிளிப்பின் கால் கதவுத் தகட்டின் ஓட்டைக்குள் போய் விரிந்து பிடித்திருக்கும். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் அட்டை. இத்தனை வருட ஈரத்தில் இரும்புக்குள் போன கால் துருவேறி இறுகியிருக்கும். அட்டையின் துளையோரமோ ஊறி ஊறி ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் எது விட்டுக்கொடுக்கும் என்பதைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே. அதனால் பேடை இழுக்கிறோம் என்ற எண்ணமே வேண்டாம். கிளிப்பை ஒவ்வொன்றாகத் தகட்டிலிருந்து கழற்றுகிறோம், அவ்வளவுதான். கடைசிக் கிளிப் வந்ததும் பேட் தானாகக் கைக்கு வரும்.

ஆனால் கிளிப்புக்கு முன்னால் ஸ்க்ரூ இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். பல வருடம் முன்பு, என்னுடைய இரண்டாவது பழைய கார். சுற்றிலும் இருந்த கிளிப் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவிட்டேன். நாலு ஓரமும் ஆடுகிறது, நடுவில் மட்டும் அசையவில்லை. பசை பிடித்திருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். சரக்கென்று ஒரு சத்தம். ஆர்ம்ரெஸ்டின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி, அதற்குள் நீளமாக ஒரு ஸ்க்ரூ இருந்திருக்கிறது. அட்டை குறுக்கே இரண்டாக முறிந்து, ரெக்ஸின் மட்டும் கீல் மாதிரி இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. அன்றிலிருந்து, ஏதாவது வரவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு டார்ச்சை எடுக்கிறேன்.

எங்கெல்லாம் தேடுவது? ஆர்ம்ரெஸ்டின் அடிப்பக்கம், இழுக்கும் பட்டையின் இரு முனையிலும் உள்ள குரோம் மூடிக்குள், ஆஷ்ட்ரேயைத் தூக்கினால் அந்தக் குழிக்குள், கதவு விளக்கின் மூடிக்குப் பின்னால், கதவைத் திறக்கும் கைப்பிடியைச் சுற்றியுள்ள கிண்ணத்தில், மேப் வைக்கும் பையின் உள்பக்கம். கீழ் ஓரத்தில் கார்பெட் துண்டு ஒட்டியிருந்தால் அதன் அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். தரையில் உட்கார்ந்து, டார்ச்சை ரெக்ஸினோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். சின்ன மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரியும். விரலால் தடவியும் பாருங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது இந்த பேடைக் கழற்றியிருந்தால், அவர்கள் சொந்தமாகப் போட்ட ஸ்க்ரூவும் எங்காவது இருக்கும். அது எந்த மேனுவலிலும் இராது. கண்ணாடி ஓரத்தில் நிற்கும் லாக் குமிழை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் இடதுபக்கமாகத் திருகினால் கழன்று வரும்.

அப்புறம் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. இதில் அதிகமாகப் பார்க்கக்கூடியவை மூன்று வகை. எளிதானது, கைப்பிடியின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைப் பிரித்தால் நடுவில் ஒரு ஸ்க்ரூ. பிந்தைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களில் இப்படி இருக்கும். இன்னொன்று பின் (குறுக்கு ஊசி) போட்டது: கைப்பிடியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதற்குப் பின்னால் ஸ்பிரிங். தட்டை பேடுக்குள் நன்றாக அமுக்கினால் தண்டின் குறுக்கே போகும் பின் கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் அதைத் தள்ளி எடுக்கலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றிலும் முற்காலப் பீட்டில்களிலும் இந்த ஏற்பாடுதான். அமுக்க ஒருவர், தள்ள ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒரே ஆளாகச் செய்யப்போய்த் தட்டு நழுவி, ஓரத்தால் ரெக்ஸினை வட்டமாக வெட்டிவிடுவதுண்டு.

ஆளைப் படுத்துவது மூன்றாவது வகை. கைப்பிடியில் மூடியும் இல்லை, பின்னும் இல்லை, ஒன்றுமே தெரியாது. பின்னால் லாட வடிவத்தில் ஒரு கம்பி கிளிப் தண்டின் பள்ளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். பேடை மெதுவாக உள்ளே அமுக்கி, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே டார்ச் அடித்தால் கம்பி மின்னும். லாடத்தின் திறந்த முனைகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்த முனைகளைத் தள்ளினால்தான் வளைந்த பக்கமாக அது வெளியே வரும். வளைந்த பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளினாலும் இன்னும் இறுகத்தான் செய்யும். இதற்கென்று பிளவுள்ள தட்டைக் கருவி விற்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு பழைய பருத்தித் துணி போதும். துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, கைப்பிடிக்கும் பின்னால் இருக்கும் வட்டத் தட்டுக்கும் இடையில், திறந்த முனைப் பக்கமாக நுழைத்து, முதுகு தேய்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். துணி கம்பியின் நுனியில் மாட்டி அதை நகர்த்திவிடும். நுழைக்கும் முன் கீழே ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துவிடுங்கள், சீட்டின் மேலும் ஒன்று. அந்தக் கம்பி வரும்போது சும்மா விழாது, தெறிக்கும். என்னுடைய ஒன்று சீட்டுத் தண்டவாளத்துக்கடியில் போய், எட்டு மாதம் கழித்து சீட்டைக் கழற்றியபோதுதான் கிடைத்தது.

கைப்பிடியை உருவும் முன்னால் அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம், திருப்பி மாட்டும்போது அப்படியே வைக்க. உங்கள் கண்ணாடி பாதியில் நிற்பதால் அந்தப் படம் உதவாது. எதிர்க் கதவின் கண்ணாடியை முழுதாக ஏற்றி, அங்கே கைப்பிடி நிற்கும் கோணத்தைப் படம் எடுங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி நிற்கும்.

சரி, கிளிப்புக்கு வருவோம். குளிர்ந்த காலை நேரத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். ரெக்ஸினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சரக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போயிருக்கும். பழைய காரின் முன் கண்ணாடியில் உட்பக்கமாகப் படியும் மங்கலான படலத்துக்கு அதுவும் ஒரு காரணம். மிஞ்சியிருப்பது குளிரில் விறைக்கும், மடித்தால் வெடிக்கும். கார் நிற்கும் இடம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இல்லையென்றால் தலைமுடி காயவைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்தைச் சுற்றி ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். உங்கள் கை தாங்கும் சூடுதான் ரெக்ஸினும் தாங்கும் சூடு. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் பக்கமே போக வேண்டாம்.

கிளிப் எங்கே என்று ஊகிக்கத் தேவையில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை பேடுக்கும் கதவுக்கும் நடுவே செருகி ஓரம் முழுக்க நகர்த்துங்கள். எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே கிளிப். அந்த இடங்களை ஒரு தாளில் கதவின் படம் வரைந்து குறித்துக்கொள்ளலாம். மாஸ்கிங் டேப்பைக் கதவில் ஒட்டுவதென்றால் லேசான பசையுள்ளதாகப் பாருங்கள், பழைய பெயின்ட் டேப்போடு உரிந்து வரும். ரெக்ஸினில் ஒட்டவே வேண்டாம்.

நெம்புவதற்கு இரண்டு பல் உள்ள பிளவுக் கருவி நல்லது. பல் இரண்டும் கிளிப்பின் கழுத்துக்கு இருபுறமும் போக வேண்டும். கருவியின் முதுகு தகட்டின் மேல் இருக்கும், அங்கே ஒரு அகலமான பட்டித் தகடோ மெல்லிய மரச்சில்லோ வைத்துக்கொண்டால் பெயின்ட் நசுங்காது. பல்லின் அகலம் முழுவதும் அட்டைக்கு அடியில் சமமாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். நான் ஒரே கிளிப்பை ஒரே அடியில் முழுதாக எடுப்பதில்லை. கீழ் மூலையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு போய், இரண்டாவது சுற்றில் முழுதாக எடுக்கிறேன். ஒரு மூலையை மட்டும் முழுதாகத் திறந்துவிட்டால் பக்கத்துக் கிளிப்பின் இடத்தில் அட்டை மடங்கிக் கோடு விழும். அந்தக் கோடு ரெக்ஸினில் நிரந்தரமாகத் தெரியும்.

காதையும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளிப் தகட்டை விட்டு வரும்போது டப்பென்று சுத்தமான ஒரு சத்தம் வரும். நார் பிரியும் சத்தம் வேறு, காய்ந்த சருகை மெல்ல நசுக்குவது மாதிரி. அது கேட்டதும் நிறுத்துங்கள். அந்தக் கிளிப் துருவில் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இடுக்கு வழியாகத் துருநீக்கி எண்ணெய் ஒரே ஒரு துளி, மெல்லிய குழாயால் கிளிப்பின் காலில் மட்டும் படும்படி விட்டு ஒரு இரவு காத்திருக்கலாம். அட்டையில் வழிந்தால் ரெக்ஸின் வரை கறை ஏறும். அதற்கும் வரவில்லை என்றால் நான் கிளிப்பைத்தான் பலி கொடுப்பேன். ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டுக் காலை அறுத்துவிடுவது. கிளிப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாக் கிளிப்பும் விட்டபின்னும் பேட் மேலே தொங்கிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பல கார்களில் பேடின் மேல் விளிம்பு கண்ணாடி இறங்கும் வாய்க்குள் மடிந்து கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். அங்கே வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும். உள்ளங்கையால் அடியிலிருந்து லேசாகத் தட்டிக்கொடுத்தால் எழும்பும். வந்ததும் ஒரேயடியாக விலக்காமல் பின்னால் எட்டிப் பாருங்கள், விளக்குக்கோ ஸ்விட்சுக்கோ ஒயர் போயிருக்கலாம்.

பேடுக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட்டோ மெழுகுத் தாளோ கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். நிறையப் பேர் இதை ஏதோ பேக்கிங் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம் இது. மழைத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்குவது சகஜம். கதவு அதற்காகவே கட்டப்பட்டது, அடியில் வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளே தெறிக்கும் தண்ணீரை பேட் மேல் படாமல் தடுப்பது இந்த ஷீட் ஒன்றுதான். அது இல்லாத கதவில் அட்டை ஊறுகிறது, கிளிப் துருப்பிடிக்கிறது. உங்கள் மூலை பிய்ந்ததற்கும் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பசையை டிரையரால் இளக்கி, ஷீட்டை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கிழிந்திருந்தால் அதையே அச்சாக வைத்துக் கெட்டியான பாலித்தீனில் புதிதாக வெட்டுங்கள். திரும்ப ஒட்டப் பியூட்டைல் டேப் (காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் பசை டேப்) நல்லது. புளித்த வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது காயும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஷீட்டின் கீழ் ஓரத்தைக் கதவுத் தகட்டின் கீழ்ப் பிளவு வழியாக உள்ளே செருகிவிட வேண்டும், வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே திரும்பப் போகும்படி.

கதவுக்குள் கை விடும் முன் கண்ணாடியை டேப்பால் சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் சேர்த்து ஒட்டியோ ரப்பர் ஆப்பு வைத்தோ நிறுத்திவிடுங்கள். கண்ணாடி ஏற்றும் அமைப்பில் முறுக்கேறிய சுருள் ஸ்பிரிங் இருக்கலாம், போல்ட்டைத் தளர்த்தினால் கை சுதாரிக்கும் முன் கத்தரி மாதிரி மூடிக்கொள்ளும். தகட்டின் ஓட்டை ஓரங்களும் கூர்மை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பில்லர் மூடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே வரிசைதான் முக்கியம். தொழிற்சாலையில் கடைசியாக மாட்டியது முதலில் வர வேண்டும். கதவு ரப்பர் பீடிங்கின் உதட்டுக்கு அடியில் பில்லர் மூடியின் ஓரம் செருகியிருக்கும், அதற்குக் கீழே வாசல்படித் தகடு அதன் நுனியைப் பிடித்திருக்கும். ஆகவே படித் தகடு, பீடிங், பில்லர் என்று போக வேண்டும். படித் தகடு அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு என்றால் இரண்டும் சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கே அவசரப்பட்டால் ஸ்க்ரூத் தலை மழுங்கிவிடும். அறுபதுகளுக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கார்களில் கூட்டல் குறி ஸ்க்ரூ மாதிரி தெரிவது போஸிடிரைவாக இருக்கலாம். கூட்டல் குறிக்கு நடுவே மூலைவாக்கில் மெல்லிய கோடுகள் இருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸ் முனையைப் போட்டால் வழுக்கும். ஜப்பானியக் கார்களின் கூட்டல் குறி இன்னொரு அளவுமுறை, தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதற்கும் தனி முனை உண்டு.

கூரை லைனிங்கை, கிழியாமல் இருந்தால், தொடாதீர்கள் என்பேன். பழைய வகையில் துணியின் மேல்பக்கம் தைத்த குழாய்களுக்குள் வளைந்த கம்பிகள் போகும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் நீளமும் வேறு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் முன்னிருந்து பின்னாக எண் போட்டு, ஒவ்வொன்றும் எந்த ஓட்டையில் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய துணியை மறுபடி சுருக்கமில்லாமல் இழுப்பது வீட்டில் முதல் தடவை செய்யும் வேலை இல்லை.

டேஷ்போர்டு என்றால் முதலில் பேட்டரி. எர்த் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் அறுபதுகள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். ஒயர் பாடியில் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். எண்பதுகளிலோ அதற்குப் பிறகோ வந்த கார் என்றால் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்காமல் ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது. வெயிலில் காய்ந்த டேஷ்போர்டின் மேல் தோல் முட்டை ஓடு மாதிரி. அதை எங்கேயும் நெம்பாதீர்கள், ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் கீழிருந்தும் மீட்டர் குழிக்குள்ளிருந்தும்தான் வரும்.

கழற்றிய பேடைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு வாரத்தில் வில்லாக வளைந்துவிடும். தட்டையாக, ரெக்ஸின் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். ரெக்ஸினின் ஓரத்தை அட்டையிலிருந்து பிரிக்கும் ஆசையும் வேண்டாம். பழைய ரெக்ஸின் பிரிந்ததும் சில மில்லிமீட்டர் சுருங்கும், அப்புறம் மடிப்பு எட்டாது. பின்பக்கத்தில் சாக்பீஸிலோ பென்சிலிலோ ஏதாவது எழுத்து, எண் இருந்தால் துடைக்காமல் விடுங்கள். அது தொழிற்சாலைக் கை எழுதியதாக இருக்கலாம், எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இப்போது உங்கள் பிய்ந்த மூலை. அட்டை முழுதாகக் காய்ந்த பிறகு, பிரிந்த ஏடுகளுக்கு நடுவே மரப்பசையை மெல்லிய தகட்டால் தடவி, மேலும் கீழும் பாலித்தீன் வைத்து இரண்டு மரத்துண்டுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். ரெக்ஸின் பக்கத்தில் மரத்துண்டுக்குக் கீழே துணி வையுங்கள், கிளாம்ப் தடம் விழக்கூடாது. துளையே போய்விட்டது என்றால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலுமினியத் தகட்டைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, அதில் அதே சாவித் துவாரத்தை அரத்தால் ராவி, எபாக்ஸியால் பின்பக்கம் ஒட்டுங்கள். இடத்தை எதிர்க் கதவின் பேடிலிருந்து அளந்து எடுக்காமல், இந்தக் கதவின் ஓட்டையிலிருந்தே அளந்து எடுங்கள்; கதவுக்குக் கதவு சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். தகடு கனமாகிவிட்டால் பேட் அந்த இடத்தில் துருத்தும். வேலை முடிந்ததும் அட்டையின் பின்பக்கம் முழுவதும், முக்கியமாகக் கீழ் ஓரத்திலும் துளையோரங்களிலும், வார்னிஷ் இரண்டு பூச்சு அடியுங்கள்.

மாட்டும்போது முதலில் கண்ணாடியைப் பேட் இல்லாமலேயே நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி, கதவுக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அடியில் வருகிறதா என்றும் பாருங்கள். கிளிப்பின் கால் தளர்ந்திருந்தால் பிளையரால் கொஞ்சம் சரிசெய்யலாம், துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புதுக் கிளிப் வாங்கும்போது காலின் அளவைக் கதவு ஓட்டையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பெரிதாக இருந்தால் அடுத்த முறை கழற்றும்போது இதே கதைதான். மேல் விளிம்பை மாட்டி, ஒவ்வொரு கிளிப்பும் ஓட்டைக்கு நேராக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள். நேராக இல்லாத கிளிப்பைத் தட்டினால் அது மடங்கி அட்டையைத் துளைக்கும். லாடக் கிளிப் வகை என்றால் கிளிப்பை முதலில் கைப்பிடியில் செருகிக்கொண்டு, நீங்கள் எடுத்த படத்தின் கோணத்தில் தண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. க்ளிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கைப்பிடியை உருவிக் கிளிப் பள்ளத்தில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்படியே விட்டால் ஒரு நாள் கண்ணாடியை ஏற்றும்போது கைப்பிடி கையோடு வரும்.